இருமல் பாட்டு

காலையில் பதிவாளர் கம்ப்யூட்டரைத் திறந்தபோது, அவருடைய தகப்பனார் ‘பெயர் தெரியாதவர்’ ஆகியிருந்தார்.

முதல் நாள் மாலைவரை அப்பாவின் பெயரில் ஒரு ஃபோல்டர் நிறையப் பாட்டு இருந்தது. இப்போது அதில் பாட்டே இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அப்பா தொண்டையைக் கனைத்து, “அடுத்தாற்போல...” என்று அறிவிப்பாரே, அந்த வாய்ப்பேச்சுத் துண்டுகள் மட்டும் மிச்சம் கிடந்தன. பாட்டுகள் மூட்டை முடிச்சோடு கிளம்பி, ‘பெயர் தெரியாதவர்’ என்ற தலைப்பின்கீழ் குடியேறியிருந்தன.

“அப்பன் பேர் தெரியாதவன்னு என்னைத் திட்டுதா இது?” என்று பதிவாளர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

“அது எதுக்குங்க உங்களைத் திட்டப் போகுது? நேத்து நீங்க எதையாவது அமுக்கியிருப்பீங்க” என்றாள் மனைவி, துவைத்த துணியை உதறிக்கொண்டே.

அமுக்கித்தான் இருந்தார். ‘ஒரே குரலை ஒரே இடத்தில் சேர்க்கட்டுமா?’ என்று புரோகிராம் மரியாதையாகக் கேட்டது. மரியாதையாகக் கேட்பவர்களிடம் முடியாது என்று சொல்வது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. ஒரு டிக் போட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

பணியில் இருந்த காலமெல்லாம் ஊரார் மனைக்கும் வீட்டுக்கும் உரியவர் யார் என்று முத்திரை குத்திச் சொன்ன மனிதர் அவர். வில்லங்கமுள்ள பத்திரம் எதுவும் அவர் மேஜையைத் தாண்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிடாதவர். அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே பூர்வீகச் சொத்து ஒன்று ராத்திரியோடு ராத்திரியாகக் கைமாறிவிட்டது.

சொத்து என்றால் அதுதான் சொத்து. ‘பாட்டுக்காரர் வீடு’ என்று மட்டும் எழுதினாலே அந்த வீட்டுக்குத் தபால் வந்து சேரும். அப்பா வெளியில் எங்கும் பாடியதில்லை. எவர் அழைத்தாலும் போகமாட்டார். கூடத்தில், உள்ளறைக் கதவில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, வாயருகே ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு பாடுவார். கேட்க விரும்புகிறவர்கள் வந்து கேட்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கூடத்தில் அனுமதியில்லை. பதிவாளரே மாடிப்படியில் உட்கார்ந்துதான் அந்தக் கனத்த குரலைக் கேட்டு வளர்ந்தார்.

அப்பா போய் முப்பது வருஷம். இப்போது தெருச் சங்கம் ஓர் அரங்கம் கட்டியிருந்தது. அதற்கு அப்பாவின் பெயரை வைக்கலாமா என்று பார்க்க, சங்கத் தலைவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து பாட்டைக் கேட்பதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்துவிட்டால் கல்லில் பெயர் செதுக்கிவிடுவார்கள். கல்லில் ஏறிய பெயரை எந்த டிக்கும் மாற்ற முடியாது.

அதற்காகத்தான் பழைய கேசட்டுகளை அவர் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். ஒயர் பொருந்தாததால், டேப் ரெக்கார்டருக்கு முன்னால் ஒரு மைக்கை நிறுத்தி, ‘சத்தம் வந்தால் பதிவு செய், நின்றால் நிறுத்து’ என்ற கட்டத்திலும் டிக் போட்டுவிட்டார். பக்கத்தில் காவல் இருக்க வேண்டியதில்லை பாருங்கள்.

“இதுக்கெல்லாம் நான் அசைஞ்சு கொடுக்கமாட்டேன்” என்று சொல்லி, ஒவ்வொரு பாட்டாக அப்பாவின் பெயரைத் தட்டச்சு செய்தார். மூடித் திறந்தார். பெயர் தெரியாதவர் மறுபடியும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

குழப்பத்துக்குக் காரணம் அந்த வாய்ப்பேச்சுத் துண்டுகள்தான் என்று முடிவு கட்டினார். அவை இருப்பதால்தானே அது ஒப்பிட்டுப் பார்க்கிறது? எல்லாவற்றையும் அழித்தார். அழித்த கையோடு, குரல்களை முதலிலிருந்து பார்த்து அடுக்கும்படி புரோகிராமுக்குக் கட்டளையிட்டார்.

இந்த முறை அப்பாவின் பாட்டுகள் எல்லாம் ‘பெண் குரல்கள்’ என்ற தலைப்பின்கீழ் போய் நின்றன.

பதிவாளர் திரையின்மேல் துண்டைப் போட்டு மூடினார். வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது.

“என்னங்க ஆச்சு? ஏன் முகம் இப்படி வெளுத்துப்போச்சு?” என்று மனைவி அடுக்களையிலிருந்தே கத்தினாள்.

“மெதுவா பேசு! இந்த வீட்டுப் பொம்பளைங்க குரல் வாசல் தாண்டாது. தாத்தா காலத்துல இருந்து இருக்கிற ஒழுங்கு.”

“தாண்டலைன்னா பால்காரனை நீங்களே போய்க் கூப்பிடுங்க.”

உள்ளறை வாசலில் அத்தை உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் தங்கை. அந்த ஒழுங்கை எழுத்துப் பிசகாமல் காத்தவள் வீட்டில் அவள் ஒருத்திதான். பேசுவதே அபூர்வம், தலையசைப்பாள், கை காட்டுவாள், மிஞ்சினால் ஒரு “ம்”. ‘எங்கத்தையைப் பார்த்துக் கத்துக்கோ’ என்று பதிவாளர் மனைவியிடம் சொல்லாத நாளில்லை. ‘அன்னிக்கு போனை எடுத்து அத்தை “யாரு”ன்னு ஒரு வார்த்தைதான் கேட்டாங்க. லோன் வேணுமான்னு கேட்கக் கூப்பிட்டவன் பயந்துபோய் வெச்சுட்டான்’ என்று மனைவியும் பதிலுக்குச் சொல்லாத நாளில்லை.

கம்ப்யூட்டர்காரர் வந்தார். மௌஸை இப்படியும் அப்படியும் உருட்டினார்.

“சார், இது பேரைப் பார்க்காது. குரலை மட்டும்தான் பார்க்கும். அதோட கணக்குப்படி இது லேடீஸ் வாய்ஸ்.”

“யாரோட வாய்ஸ்னு தெரிஞ்சு பேசறீங்களா?”

“நான் சொல்லலை சார், அது சொல்லுது. இன்னொண்ணு. இந்த ஒரு பாட்டுல மட்டும் ரெண்டு ஆளுன்னு காட்டுது.”

அவர் தொட்டது இருமல் பாட்டை. அந்த வீட்டின் மகுடமே அதுதான். மூன்றாவது அடியில், குரல் உச்சத்தில் நிற்கும்போது, அப்பாவுக்கு இருமல் வந்துவிடும். லொக்கு லொக்கென்று நன்றாகக் கேட்கும். ஆனால் பாட்டு ஓர் இழைகூட அறுபடாது. இருமலும் பாட்டும் ஒரே நேரத்தில் ஒரே தொண்டையிலிருந்து வரும்.

“மூச்சை ரெண்டாப் பிரிச்சு, ஒண்ணுல இருமி இன்னொண்ணுல பாடுவார். அப்படி ஒரு சாதகம்” என்றார் பதிவாளர், முதுகை நிமிர்த்தி.

கம்ப்யூட்டர்காரர் தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “பெரிய விஷயம் சார். பின்னால ஒரு இரைச்சல் இருக்கு, அதான் மெஷின் குழம்புது போல. இந்த யுபிஎஸ்ஸோட ரீங்காரம் உள்ள போகுது. அதைக் கழட்டிட்டு, கேசட்டைத் திரும்ப ஓட்டிப் பதிஞ்சா சரியாப் போகும்.”

யுபிஎஸ் கழற்றப்பட்டுப் பரணுக்குப் போனது. இருமல் பாட்டின் கேசட் டேப் ரெக்கார்டருக்குள் போனது. போன கேசட் திரும்பவில்லை. கரகரவென்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் நாடா குடல் சரிந்தாற்போல் வெளியே தொங்கியது. இனி உலகத்தில் இருமல் பாட்டு இருப்பது ஒரே இடத்தில், பெண் குரல்கள் என்ற தலைப்பின்கீழ்.

“சனிக்கிழமைக்குள்ள வந்து பார்க்கறேன் சார்” என்று கம்ப்யூட்டர்காரர் நழுவினார்.

மறுநாள் பகலில் பதிவாளரும் மனைவியும் ஒரு துக்கம் விசாரித்துவிட்டு வீடு திரும்பினார்கள். அத்தை தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். வீட்டில் வேறு எவருமில்லை. பதிவாளர் வழக்கம்போலத் திரையைத் தட்டினார்.

ஒரு பாட்டு கூடியிருந்தது.

தலைப்பில்லை. அன்றைய தேதி. அவர் அமுக்கியது அவருக்கே நினைவில்லை, விரல்தான் அமுக்கியது.

அப்பா பாடினார்.

அதே கனம், அதே இழுப்பு, சொல்லின் கடைசி எழுத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் வைக்கும் அதே அழகு. ஆனால் உச்சத்துக்குப் போகும்போது குரல் நடுங்கியது. இடையிடையே மூச்சு வாங்கியது. பாட்டு முடிந்த இடத்தில், தூரத்தில், டிங்டிங் டிடிங் என்று ஒரு சின்ன மணிச்சத்தம்.

மனைவியின் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது.

“அது நம்ம வாஷிங் மெஷினுங்க. துவைச்சு முடிச்சா அடிக்குமே, அந்த மணி. காலைல துணியைப் போட்டுட்டுத்தானே நாம கிளம்பினோம்?”

“ம்.”

“அதை நாம வாங்கியே ஒரு மாசம்தான் ஆகுது.”

“தெரியும்.”

“மாமா போய் முப்பது வருஷம் ஆச்சு.”

“அதுவும் தெரியும்.”

இருவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். மின்விசிறி தலைக்குமேல் சுற்றியும் வியர்த்தது.

“ஏங்க,” மனைவியின் குரல் தானாகவே வாசல் தாண்டாத அளவுக்கு இறங்கியிருந்தது, “கேசட்டுல இருக்கிற குரலைவிட இது வயசான குரலா இருக்கே. செத்தவங்களுக்கும் வயசாகுமா?”

பதிவாளர் மேல் பொத்தான் போட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டரின் முன் கைகட்டி நின்றார்.

“அப்பா, நீங்க பேசினதை எல்லாம் அழிச்சது என் தப்புதான். மனசுல வெச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை முடியட்டும், எங்கேயிருந்தாவது தேடிக் கொண்டுவந்து வெச்சிடறேன்.”

திரை தூங்கப்போய் இருண்டது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா, கோபம் என்று எடுத்துக்கொள்வதா என்று விளங்கவில்லை.

இந்தச் செய்தி வெளியே போகக் கூடாது என்பதில் மட்டும் அவர் தெளிவாக இருந்தார். பாட்டுக்காரர் வீடு ஒரே வாரத்தில் பேய் வீடாகிவிடும். அரங்கத்துக்கு எவர் பேய் பெயரை வைப்பார்? அந்தப் பாட்டை அழித்தார். அடுத்த நாள் அவரும் மனைவியும் கடைக்குப் போய் வருவதற்குள் இன்னொன்று முளைத்திருந்தது. அதையும் அழித்தார். சாயங்காலம் இருவரும் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் மற்றொன்று. அழிக்க அழிக்க அப்பாவுக்கு உற்சாகம் ஏறுவதுபோல் இருந்தது. ஒவ்வொரு பாட்டிலும் நடுக்கம் குறைந்து வந்தது.

சனிக்கிழமை வந்த கம்ப்யூட்டர்காரர் ஒன்றைக் கேட்டார். தேதியைப் பார்த்தார். மணிச்சத்தத்தைக் கேட்டார். எழுந்துபோய் வாஷிங் மெஷினை ஒருதரம் பார்த்துவிட்டு வந்தார்.

“சார், உள்ளேயிருந்து வருதா, வெளியேயிருந்து வருதான்னு முதல்ல பார்த்துடுவோம். மைக்மேல ஒரு கெட்டித் துண்டைப் போட்டு வையுங்க. கம்ப்யூட்டருக்குள்ளேயே கோளாறுன்னா குரல் மாறாது.”

துண்டு போட்டார்கள். மூவரும் வாசற்படியில் போய் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நேரத்தைப் போக்கினார்கள். தெருவில் லாரியொன்று நின்று, இன்ஜினை அணைக்காமல் சரக்கை இறக்கிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை. லாரி போன பிறகு உள்ளே வந்து பார்த்தார்கள்.

புதிய பாட்டு இருந்தது. துண்டுக்குள்ளிருந்து வருகிறதுபோல் மங்கி, அடைத்து ஒலித்தது.

கம்ப்யூட்டர்காரர் மெல்ல எழுந்தார். “சார், அப்படின்னா இது கம்ப்யூட்டருக்குள்ள இல்ல. இங்க... இந்த ரூம்ல நின்னு பாடியிருக்கு.”

அவர் பார்வை கூடத்தை ஒருமுறை சுற்றியது: அப்பாவின் படம், காலி நாற்காலி, சாத்திய உள்ளறைக் கதவு. அடுத்த கணம் அவர் தெருவில் இருந்தார். அவருடைய செருப்பு வாசலிலேயே கிடந்தது. அதைக் கேட்டு அவர் ஆளும் அனுப்பவில்லை.

மனைவி உள்ளறைக் கதவைத் திறந்தாள். அத்தை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, இப்ப ஏதாவது பாட்டுச் சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு?”

அத்தை தலையசைத்தாள். கேட்டதாம்.

“யாரு பாடினாங்க?”

அத்தை பதிவாளரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்துத் தட்டிக் காட்டினாள்.

“பாரு!” பதிவாளருக்குக் கண் கலங்கிவிட்டது. “நெஞ்சுக்குள்ள கேட்டுச்சாம். கூடப்பிறந்த பாசம் அப்படி.”

அத்தை இன்னொரு தரம் தட்டிக் காட்டினாள். அதற்குள் அவர் கதவைச் சாத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத் தலைவர் வந்தார். கூடத்து நடு நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவின் படத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

“பதிவாளர் சார், தப்பா நினைக்காதீங்க. எங்கப்பா அந்தக் காலத்துல உங்க வீட்டுக்கு வந்து பாட்டுக் கேட்டவர். உங்கப்பா பாடும்போது வாயை மறைச்சு ஒரு கைக்குட்டை வெச்சிருப்பாராமே, ஏன்?”

“திறந்த வாயை அடுத்தவங்களுக்குக் காட்டறது எங்க குடும்பத்துல வழக்கமில்லைங்க.”

“வெளியே ஒரு இடத்துலகூடப் பாடினதில்லையாமே?”

“விலைபோகாத குரல்.”

தலைவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் சம்மதம் பாதிதான் இருந்தது. “கேட்டுடுவோமே. அந்த இருமல் பாட்டுன்னு சொல்றாங்களே, அதையே போடுங்க. அது உண்மைன்னா நாளைக்கே கல்லு வெட்டிடலாம்.”

பதிவாளர் நாலைந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் முதுகு மட்டும் வளையவில்லை. ‘பெண் குரல்கள்’ என்ற எழுத்து தலைவர் கண்ணில் படாதபடி திரைக்கும் அவருக்கும் நடுவே நின்றுகொண்டு, பாட்டைத் தட்டிவிட்டார்.

பாட்டு கூடத்தை நிறைத்தது. தலைவரின் முகம் மெல்ல மெல்ல இளகியது. முதல் அடி முடிவதற்குள் கண்ணை மூடிவிட்டார். இரண்டாம் அடியில் அவர் தலை ஒரு பக்கமாகத் திரும்பியது.

“அடடா, ரெண்டு பக்கமும் கேக்குதே! ஆனா அந்தக் கதவோரமா இருக்கிற ஸ்பீக்கர்லதான் ஜீவன் இருக்கு. என்ன ஸ்பீக்கர் அது?”

பதிவாளரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளறைக் கதவோரம் இருந்தது ஊமை ஸ்பீக்கர். போன மழையில் நனைந்து செத்துப்போனது. ஜோடியாக இருந்தால் பார்வையாக இருக்குமே என்று வெறுமனே வைத்தது. அதற்கு ஒயர்கூட இல்லை.

“ஏங்க...” என்று மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“பேசாம இரு. கல்லு வெட்டற வரைக்கும் பேசாம இரு.”

பாட்டு மூன்றாம் அடியைத் தொட்டது. குரல் படிப்படியாக ஏறியது. இதோ உச்சம், இதோ இருமல் வரப்போகிறது.

பொட்டென்று கரண்ட் போனது.

திரை கறுத்தது. ஸ்பீக்கரின் சின்னச் சிவப்பு விளக்கு அணைந்தது. மின்விசிறி ஒரு சுற்று, அரைச் சுற்று என்று தளர்ந்து நின்றது. பரணில் யுபிஎஸ் நிம்மதியாகத் தூங்கியது.

பாட்டு நிற்கவில்லை.

செத்த கம்ப்யூட்டரையும் செத்த ஸ்பீக்கரையும் சட்டை செய்யாமல் அந்தக் குரல் உச்சத்தில் போய் நின்றது. நின்றது மட்டுமல்ல, அங்கேயே அசைந்து, சுழன்று, தன்னை மறந்து விளையாடியது. இளமை போய்விட்ட குரல். ஆனால் எதற்கும் அஞ்சாத குரல். இருமல் வரவேண்டிய இடம் வந்தது. இருமல் வரவில்லை.

தலைவர் நாற்காலியின்மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டார். “கரண்ட் இல்லியே... கரண்ட் இல்லியே சார்...” என்று அவர் உதடுகள் திரும்பத் திரும்ப முணுமுணுத்தன. மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எதற்கும் வளையாத பதிவாளர் அப்பாவின் படத்தின் முன் முழங்கால் மடிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்பா! வந்துட்டீங்களா அப்பா!”

கடைசி அடி மெதுவாக இறங்கியது. கடைசிச் சொல்லின் கடைசி எழுத்தை, வைக்க மனமில்லாமல், தரையில் வைத்தது.

உள்ளறைக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

அத்தை நின்றாள். முகமெல்லாம் வியர்வை. கூடத்தில் உறைந்து கிடந்த மூவரையும் வரிசையாகப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருந்த மருமகனிடம் வந்ததும், படிக்கட்டு அதிர்கிற அந்தக் கனத்த குரலில் கேட்டாள்:

“என்னடா முழிக்கிற? உங்கப்பன் இருமினப்பவே நான் நிறுத்தல, கரண்ட் போனதுக்கா நிறுத்துவேன்?”